அண்ணாவுக்கு, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை

அண்ணா,

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றாயே, அதைத்தான். மன்னித்துவிடு. ஆனால், ஒருத்தனுக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதானே என்னிடம் சொன்னாய்? இல்லையென்றால் அந்த நேரத்தில் போன் போட்டு, வேறு எதையோ பேசிவிட்டு, வைக்கப்போகும்போது அதை எதற்கு அவிழ்த்தாய்?

போனில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் முழுசாகப் படிப்பாய். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் உன் பெயரை எழுதவில்லை, உன் கதையையும் எழுதவில்லை. அடுத்து வருவது பொதுவாக ஆண்களுக்கு. அப்படியே வைத்துக்கொள்.

சிறுநீரில் ரத்தம் போனால், ஒரே ஒரு தடவை என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலியே இல்லையே என்பது சமாதானம் ஆகாது. கல், கிருமித் தொற்று, சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய வியாதி இருக்காது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வலியில்லாமல் இப்படித்தான் தலைகாட்டும். ஒரு நாள் வரும், தானாக நிற்கும், வாரக்கணக்கில் வராது. நின்றதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். புகையின் நச்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது பையில் மணிக்கணக்காகத் தேங்கிக் கிடக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல் வருகிற நோய் இது. கண்டுபிடிக்கும்போது 100-க்குச் சுமார் 75 பேருக்கு உள்சுவரின் மேல்பூச்சோடுதான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் வயிற்றில் கத்தி வைக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிடுவார்கள். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க வேண்டி வரலாம்.

அப்பா கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த டாக்டர் அறையை நினைத்துப் பார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போன வாரந்தான்" என்றார். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. நீதான் குனிந்து சரிபண்ணிவிட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து வண்டி நிறுத்தியிருந்த இடத்தில், "வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்னப்பா?" என்று நீ கத்திய கத்தலில் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது ஆத்திரமாக வருகிறது. அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தால் லீவு போடுகிறாய். எனக்கு ஆபரேஷன் ஆனபோது ராத்திரி முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கினாய். அந்த அக்கறையில் கால்வாசி உன் உடம்புக்குக் கிடையாதா? "ஒண்ணுமில்லடா, சூடு" என்று நீயே வைத்தியம் முடித்துக்கொள்கிறாய். நான் சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பாய்.

பயம் என்று நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், கேட்கவும் மாட்டேன். சிறுநீர்ப் பாதை வழியாகப் பைக்குள் விட்டுப் பார்க்கும், கேமரா வைத்த மெல்லிய குழாயை நினைத்தால் யாருக்கும் கூசும்தான். மரத்துப்போக ஜெல் வைப்பார்கள், பார்த்து முடிக்கச் சில நிமிஷம், அன்றைக்கே வீடு. ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். அதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கலாம். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். மற்றதை, சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டரிடம் கேட்டுக்கொள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். அண்ணி வருகிறேன் என்கிறாள். அது உன் இஷ்டம், அவளிடமே பேசிக்கொள். சிகரெட் கணக்கைக் கேட்பார்கள், பாதியாகக் குறைத்துச் சொல்லாதே. எட்டரைக்கு வந்துவிடுவேன். வண்டியை நான்தான் ஓட்டுவேன், திட்டுகிறதை எல்லாம் போகும்போதே திட்டி முடித்துவிடு.

தம்பி