என்ன நூல் என்று எழுதி வையுங்கள்: மதுரை ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளக்குத்தூணைச் சுற்றியும் மாசி வீதிகளிலும் ஜவுளிக்கடை நடத்தும் பெரியவர்களுக்கும், அடுத்து கல்லாவில் உட்காரப்போகும் அவர்கள் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். நான் ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பிழைக்கிறவள். உங்கள் கடைகளில் வாங்கிய துணிதான் என் மேசைக்கு வருகிறது. நீங்கள் அதை மடிப்புக் கலையாத புதுசாகப் பார்க்கிறீர்கள். நான் இரண்டு தடவை பார்க்கிறேன். வெட்டும்போது ஒரு தடவை. கொஞ்ச காலம் கழித்து, “அக்கா, கைக்கிட்ட விட்டுப்போச்சு”, “துவைச்சதும் மேல ஏறிக்கிச்சு” என்று திரும்பி வரும்போது இன்னொரு தடவை. எந்தத் துணி எப்படி உழைக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டாவது தடவைதான். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விற்கிற ஒவ்வொரு துணியிலும் என்ன நூல், எத்தனை சதவீதம் என்று தமிழில் எழுதி வையுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது பருத்தி, அதிலும் கைத்தறிப் பருத்தி. கத்தரிக்கோலுக்குச் சொன்னபடி கேட்கும். இஸ்திரி போட்டால் மடித்த இடத்தில் நிற்கும். மதுரைச் சித்திரை வெயிலுக்கு அதற்கு இணை கிடையாது. பருத்தி நூல் சும்மா காற்றில் இருக்கும்போதே தன் எடையில் எட்டு சதவீத அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. பருத்தி உடுத்தினால் வியர்வை நூலுக்குள் இறங்கிக் காற்றில் போய்விடுகிறது. பாலியஸ்டரில் தோலுக்கும் துணிக்கும் நடுவே தங்கிவிடுகிறது. இன்னொரு குணமும் உண்டு. நனைந்தால் பருத்தி நூலுக்கு வலு கூடும். நம் பாட்டிமார் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தும் சேலை வருடக்கணக்கில் நின்றது அதனால்தான்.

குறையையும் மறைக்க மாட்டேன். பருத்தி கசங்கும். சாயம் ஒழுங்காக ஏறாவிட்டால் முதல் தண்ணீரிலேயே பக்கத்துத் துணியைப் பாழாக்கும். முதல் சலவையில் மீட்டருக்கு ஒரு இன்ச்சுக்கு மேல் உள்ளே வாங்குவது சாதாரணம். அதனால் நனைத்துக் காயவைக்காத பருத்தியை நான் வெட்டுவதே இல்லை. சட்டையில் முதலில் நைவது காலர் மடிப்புதான். அந்தக் காலத்தில் காலரைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பித் தைத்துக் கொடுப்பார்கள். சட்டை இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நைந்த சேலை தூளியாகும், பிள்ளைக்கு விரிப்பாகும், கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகும். பாலியஸ்டர் சேலை கரித்துணிக்குக்கூட ஆகாது. தண்ணீரை உறிஞ்சினால்தானே துடைக்க முடியும்?

எனக்கு ஆற்றாமை அதிகம் வருவது லைனிங் துணியில்தான். உங்கள் கடையில் அது ஒரு மூலை அலமாரி. மேல்துணிக்கு நிறம் பொருத்திப் பார்த்து, ஒரு மீட்டர் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேல்துணி பட்டாக இருக்கட்டும், ஜார்ஜெட்டாக இருக்கட்டும், உடம்பில் படுவது அந்த லைனிங்தான். அது பருத்தியாக இருந்தால் மேலே எது இருந்தாலும் ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். பட்டுக்கு வியர்வை ஆகவே ஆகாது. வியர்வை பட்ட இடத்தில் நிறம் மாறும், இழை நைந்து இற்றுப்போகும். பட்டு ரவிக்கை முதலில் விடுவது கைக்குழியில்தான். நடுவில் ஒரு நல்ல பருத்தி லைனிங் இருந்தால் அந்த வியர்வையில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். இப்போது “காட்டன் லைனிங்” என்று கேட்டு வாங்கி வருவதில் எத்தனையோ துண்டுகளில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. சிலது முழுக்கவே பாலியஸ்டர். தொட்டால் மெத்தென்று, மாவு பூசினது போல இருக்கும். வாங்குகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கோடையில் அக்குளில் வேர்க்குருவும் அரிப்புமாக வந்து நிற்பார்கள். தையல் இறுக்கம் என்று நினைத்துப் பிரித்துவிடச் சொல்வார்கள். ஒரு இன்ச் பிரித்துவிட்டாலும் அரிப்பு போகாது.

டூ பை டூ துணியும் இப்படித்தான் ஆகிவிட்டது. பாவிலும் ஊடையிலும், அதாவது நெடுக்கிலும் குறுக்கிலும், இரண்டு இழை முறுக்கிய நூல் போட்டு நெய்ததால் வந்த பெயர் அது. ரவிக்கைக்கு அதைவிட நாள்பட உழைக்கிற பருத்தியை நான் கண்டதில்லை. இன்று அதே பெயரில் பாலியஸ்டர் கலந்ததும் வருகிறது. நிறம் மங்காது, சுருங்காது என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மைதான். சுருங்காத காரணத்தையும் கூடவே சொல்லிவிட்டால் என்ன?

ரேயானுக்கு வருகிறேன். இன்றைக்கு நைட்டி, குர்த்தி, பலாசோ என்று பாதி அலமாரி அதுதான். ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிகளில் ஏராளமாக ஓடுகிறது. பாலியஸ்டரோடு சேர்த்து அதைத் திட்டுவது நியாயம் இல்லை. மரக்கூழிலிருந்து எடுத்த நார், வியர்வையைப் பருத்தியைவிடவே நன்றாகக் குடிக்கும். உடம்பில் வழிந்து விழுகிற அழகும் அதற்கு உண்டு. ஆனால் நனைந்தால் அதன் வலு பாதி அளவுக்கு இறங்கிவிடும், பருத்திக்கு நேர் எதிர். ரேயானைக் கல்லில் அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் காயவைக்க வேண்டும். தண்ணீரில் பருத்தியைவிட அதிகமாகச் சுருங்கும். உடம்போடு பிடித்துத் தைத்தால் தையல் ஓரத்தில் நூல் விலகிக்கொடுக்கும். ரேயான் என்று முன்னமே தெரிந்தால் நான் உள்ளே துணி கூடுதலாக விடுவேன், அளவைக் கொஞ்சம் தளர்த்துவேன், ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடிப்பேன். பருத்தி என்று நம்பித் தைத்தால், நாலு சலவையில் முட்டிக்கு மேல் ஏறின சுடிதார் டாப்பை எடுத்துக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார்கள். அது ரேயான் என்று உங்களுக்குக் கொள்முதல் செய்யும்போதே தெரியும். சீட்டில் “காட்டன்” என்று எழுதியது யார்?

பாலியஸ்டரை ஒழித்துக்கட்டச் சொல்லி நான் இதை எழுதவில்லை. பூனம் சேலை பத்து வருடம் கிழியாது. துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும், இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் அதை விரும்பி வாங்குவதற்குக் கணக்கு இருக்கிறது. அவர்களிடம் போய்ப் பருத்தியின் பெருமை பேச எனக்கு வாய் வராது. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் சட்டையும் அப்படித்தான், தினம் இஸ்திரி போட நேரமில்லாத எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் எனக்கு ஆகவே ஆகாத துணி என்று கேட்டால் முழுப் பாலியஸ்டர் சாட்டினைத்தான் சொல்வேன். ஊசி போன ஓட்டை தெரியும், பிரித்துத் தைத்தால் தழும்பு நிற்கும், ஓரம் நில்லாமல் உதிரும். உடம்பு வாடையை எண்ணெயோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், துவைத்தாலும் லேசில் விடாது. கலப்புத் துணியில் உரசுகிற இடமெல்லாம் குருணை குருணையாக எழும்பும். பருத்தியில் எழும்பினால் தானாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் அந்தக் குருணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அடுப்பையும் நினைத்துப் பாருங்கள். பருத்தியும் தீப்பிடிக்கும், வேகமாகவே எரியும், அதை நான் மறுக்கவில்லை. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டுகிறது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு எது பாலியஸ்டர் நைட்டி, எது பருத்தி நைட்டி என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

பட்டில் வேறு குழப்பம். “சாஃப்ட் சில்க்” என்ற பெயரில் அசல் பட்டும் இருக்கிறது, பட்டு நூலே இல்லாததும் இருக்கிறது. “செமி சில்க்” என்பதற்கு என்ன பொருள் என்று எந்தக் கடையிலும் எனக்கு ஒரே பதில் கிடைத்ததில்லை. “சில்க் காட்டன்” என்றால் பட்டும் பருத்தியும் சேர்ந்த நெசவு, நல்ல துணி. அதே பெயரில் பாலியஸ்டரும் தொங்குகிறது. ஆனால் பட்டுக்காவது ஒரு வழி பிறந்திருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004இல், அசல் பட்டு என்று உறுதி சொல்லும் சில்க் மார்க் சீட்டு வந்தது. இன்று அந்தச் சீட்டைத் தேடிப் பார்த்து வாங்குகிற பெண்கள் நிறையப் பேர். அதனால் பட்டுக்கடைகள் மூடிப்போகவில்லை. சீட்டு இருக்கிற கடைக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

நூல் பெயரை எழுதுவது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். ஆண்கள் பேன்ட் துணியின் ஓரத்தைப் பாருங்கள். இத்தனை சதவீதம் பாலியஸ்டர், இத்தனை சதவீதம் விஸ்கோஸ் (ரேயான்தான்) என்று ஆலையிலேயே அச்சடித்து வருகிறது. திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு பனியனின் உள்பக்கமும் நூலின் கணக்கைச் சொல்லும் சீட்டு உண்டு, அந்த ஊர்ச் சட்டம் கேட்கிறது. 1960இலிருந்து அங்கே அது நடைமுறை. நம் ஊர்க் கைகள் தைத்த துணியில் என்ன இருக்கிறது என்று அங்கே வாங்குகிறவருக்குத் தெரிகிறது. மதுரையில் வாங்குகிறவருக்குத் தெரியவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

சுங்குடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. சௌராஷ்டிரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பருத்திச் சேலை. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று உங்கள் அலமாரியில் சுங்குடி என்று இருப்பதில் பெரும்பாலானது அச்சடித்தது. அச்சடித்ததை விற்பதில் தப்பில்லை, விலையும் குறைவு, நல்ல பருத்தியில் அடித்திருந்தால் கட்டவும் சுகம். முடிச்சுச் சேலைக்கும் அச்சுச் சேலைக்கும் ஒரே பெயர்ப் பலகை வைத்தால் முடிச்சுப் போடுகிறவளுக்குக் கூலி எப்படி ஏறும்? பாலியஸ்டரில் அதே புள்ளிகளை அச்சடித்து அதற்கும் அந்தப் பெயரையே வைப்பது இந்த ஊருக்குச் செய்கிற அநியாயம்.

நான் கேட்பதற்குச் செலவு பெரிதில்லை. அலமாரிக்கு ஒரு அட்டை. “முழுப் பருத்தி, நனைத்துத் தைக்கவும்.” “ரேயான், முறுக்கிப் பிழியக் கூடாது.” “பாலியஸ்டர் கலந்தது, இஸ்திரிச் சூடு குறைவாக.” இந்த மூன்றாவது வரி இல்லாததால் தெருமுனை இஸ்திரிக்காரர் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்குகிறார் தெரியுமா? பெட்டியில் ஒட்டிக்கொண்ட துணிக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

அதோடு, கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்ல அனுமதி கொடுங்கள். அவர்களுக்கும் கால் கடுக்க நின்று விற்கிற அவசரம். “எல்லாம் காட்டன்தான் அக்கா” என்று சொல்லத்தான் பழக்கியிருக்கிறார்கள். கேட்கிறவருக்குத் துணித் தானின் (சுருட்டி வைத்த முழுத் துணியின்) நுனியிலிருந்து இரண்டு நூல் உருவிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை எரித்துப் பார்க்கலாம். காகிதம் எரிகிற வாடையும் உதிர்கிற சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகுகிற வாடை என்றால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தியா ரேயானா என்று நெருப்பு பிரித்துச் சொல்லாது. அதற்கு இரண்டாவது நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள், ரேயான் லேசில் அறுந்துவிடும். இதை நான் என்னிடம் வருகிற எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கடையிலேயே எழுதி வைத்துவிட்டால் ஒருத்தரும் தீப்பெட்டி எடுக்க வேண்டியதில்லை.

தீபாவளிச் சரக்கு இறங்கும்போது லைனிங் அலமாரியிலும் ரவிக்கைத் துண்டு அலமாரியிலும் மட்டும் முதலில் தொடங்குங்கள். அட்டை அடிக்க நேரமில்லை என்றால் தானின் நுனியில் மார்க்கரால் எழுதினாலும் போதும். எது என்ன நூல் என்று சந்தேகம் இருந்தால் எங்களைப் போன்ற தையல்காரர்களைக் கூப்பிடுங்கள். அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து பிரித்து அடுக்கித் தருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு தையல்காரி