அண்ணனுக்கு ஆபரேஷன் என்றாயே…

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம், சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், அந்தக் கதையெல்லாம் அப்புறம். அண்ணனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

"தையல் விட்டுக் கசிந்துவிடுமாமே" என்று பயந்து கேட்டிருக்கிறாய். நியாயமான பயம்தான். புற்றுநோய் உள்ள உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி ஆக்கி மேலே இழுத்து மீதியோடு இணைக்கிறார்கள், அதன் நுனிக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் அந்த இடத்தில் கசிகிறது. ஆனால் அதைவிட நுரையீரல்தான் அதிகம் படுத்தும். 14 நாடுகளில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட 2,704 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார்கள்: கசிவு 11.4 சதவீதம், நிமோனியா என்கிற நுரையீரல் தொற்று 14.6 சதவீதம். ஐசியூவில் நர்ஸாக நானும் அதிகம் போராடியது நுரையீரலோடுதான். நெஞ்சில் வலி இருப்பதால் ஆழமாக மூச்சு விடமாட்டார்கள், இருமவும் பயப்படுவார்கள், சளி உள்ளேயே தங்கிவிடும். குரல் நாண் நரம்பும் அடிபட்டிருந்தால் எச்சில்கூட புரையேறும்.

அதனால் பீடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லு, ஆபரேஷன் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று பந்து இருக்கும் மூச்சுப்பயிற்சிக் கருவி கடையில் கிடைக்கும், பலரும் அதை ஊதுகிறார்கள், ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே உறிஞ்சி இழுக்க வேண்டும். தினமும் நடக்கட்டும். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி டியூப் வழியாகவாவது சத்து ஏற்றச் சொல், மெலிந்த உடம்பில் புண் ஆறுவது கஷ்டம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கணும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லைடி. வலி மருந்து சரியாகக் கொடுத்தால்தான் அவரால் இருமவும் எழுந்து நடக்கவும் முடியும். திடீரென்று காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, உள்ளே தேங்குவதை வெளியே வடிக்க வைத்திருக்கும் டிரெயின் குழாயில் கலங்கலாக ஏதாவது வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடு, நேரம் பார்க்காதே. கசிவு என்றாலே முடிந்தது என்று நினைக்காதே. கழுத்தில் இணைத்திருந்தால் காயத்தைத் திறந்து வடியவிட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். நெஞ்சுக்குள் என்றால்தான் ஆபத்து அதிகம், அதற்கும் எண்டோஸ்கோப்பி வழியாக கசிவை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாய், கசிவதை உறிஞ்சும் ஸ்பாஞ்ச் எல்லாம் வைக்கிறார்கள், சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் நிறைய இருக்கிறது.

இணைப்பை எங்கே போடுவார்கள், கழுத்திலா நெஞ்சிலா என்று சர்ஜனிடம் கேட்டு எழுது. தேதி தெரிந்ததும் சொல்லு, லீவு போட்டுவிட்டு வருகிறேன், ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணியைத் தூங்கவிடு.

உன்,
செல்வி