காற்றுப் போன டயர்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

நீ எடுத்து அனுப்பிய பன்னிரண்டு மலைச் சைக்கிள் படங்களையும் பார்த்தேன். அம்மாவுக்கு எல்லாமே அழகு. அவள் பேச்சை நம்பாதே. நீ சுவரில் கிறுக்கியதைக்கூட அழிக்க விடாதவள் அவள். எனக்குப் பிடித்தது தரையோடு படுத்து எடுத்த அந்தத் தாண்டல் ஒன்றுதான்.

மற்றவற்றில் சைக்கிள் ஓடவே இல்லை, கண்ணு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவன் நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறான். நீ கேமராவில் வைத்த 1/1000 நொடி ஷட்டர் திறப்பில் அவன் நகர்வது 1 சென்டிமீட்டர்தான். கம்பிகளை எண்ணிவிடலாம், ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டிபோல இருக்கிறது. 1/60க்கு இறங்கிப் பார். தூரத்தில் வரும்போதே அவனைப் பிடித்துக்கொண்டு, கையை அல்ல, இடுப்பைத் திருப்பு. பட்டனை அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இரு. பைன் மரங்கள் கோடுகளாக இழுபடும், ஆள் மட்டும் நிற்பான். பத்தில் எட்டு பாழாகும், பரவாயில்லை. நம் ஊர் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் தீமிதியில்தான் நான் இதைப் பழகினேன். அப்போதெல்லாம் அதற்கு 36 பட ஃபிலிம் சுருள் ஒன்று வாங்குவேன். மூன்று தேறினால் பெரிது. சுருள் செலவே இல்லாத உனக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

யோன்கர்ஸ்ஹூக் மலையையும் நீ மைதானமாக்கிவிட்டாய். பாதையின் சாய்வுக்கே கேமராவைச் சாய்த்தால் மலை படுத்துவிடும். மரங்கள் செங்குத்தாக நிற்கும்படி பிடி, சரிவு தானாகத் தெரியும். தாண்டுகிறவனை எடுத்தால் கிளம்பிய மேட்டையோ இறங்கும் மண்ணையோ சேர்த்து எடு. வெறும் வானத்தில் தொங்குகிறவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று யார் கண்டது?

சொல்லாத ஒரு வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். 2013இல் நம் ஊரில் மலைச் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது எல்லைக்கோட்டருகே நின்றிருந்தேன். நம் ஊர்ப் பிள்ளை கிரெக் மினார் காற்றுப் போன டயரோடு வந்து, மிக் ஹன்னாவை அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். என் படத்தில் ஹெல்மெட் துல்லியம், கண்ணாடியில் ஒட்டிய தூசிகூடத் துல்லியம். பெரிய லென்ஸ் போட்ட மிதப்பில் இடுப்போடு வெட்டியிருக்கிறேன். டயரே இல்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தப் படம் அலமாரியில்தான் கிடக்கிறது.

வளைவின் வெளிப்பக்கம் நிற்காதே. விழுகிறவன் அங்கேதான் வருவான். பெரிய வெள்ளிக்கு வருகிறாயா? விமான டிக்கெட் விலை ஏறுமுன் அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா