டூயி கடிதங்கள்: எழுதியவர் யார்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியை மேற்கோள் காட்டுவோர் பலரும் கைவைப்பது ஜப்பான், சீனக் கடிதங்கள் அடங்கிய 1920ஆம் ஆண்டு நூலில்தான். அதில் ஒரு சிக்கல். அது டூயியும் மனைவி ஆலிஸும் பிள்ளைகளுக்கு எழுதியவற்றை மகள் எவ்லின் தொகுத்தது. தேதியும் ஊரும் உண்டு. எது யார் எழுதியது என்று கடிதந்தோறும் குறிப்பு இல்லை. 1919 ஜூனில் பெய்ஜிங் மாணவர்கள் கைதானதைப் பற்றிய பகுதிகளை அப்படியே 'டூயி சொன்னார்' என்று போட்டுவிடுகிறார்கள். பாவம், ஆலிஸ்!

அச்சில் வந்த 37 தொகுதி முழுப் படைப்புகளைப் புரட்டியும் பயனில்லை; கடிதப் போக்குவரத்து அதில் சேரவில்லை. தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டூயி ஆய்வு மையம் தயாரித்த கடிதங்களின் மின்பதிப்பு தனி. 1871 முதல் 1952 வரையிலான அதன் மூன்று தொகுதிகளில் அவருக்கு வந்த கடிதங்களும் உண்டு. ஆகவே தேடலில் ஒரு வரி கிடைத்ததும் நகலெடுக்காமல், அனுப்பியவர், பெறுநர், தேதி மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 1920 நூலின் வரியானால் அதே தேதிக் கடிதத்தை இந்த மின்பதிப்பில் தேடி ஒப்பிடலாம். பெயர் உறுதிப்படாவிட்டால் 'டூயி தம்பதியர்' என்று எழுதுவதே நியாயம்.

— வாசகர், மதுரை