சுங்கை சிப்புட்டுக்கு சிபிசிஐடி வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புறத் திருட்டுகளை விசாரிக்க, தமிழ்நாட்டில் இருப்பதுபோல இங்கே மலேசியாவிலும் மாநிலத்துக்கு ஒரு சிபிசிஐடி வேண்டும் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது டில்லியின் கையில் இருப்பதால்தான் உள்ளூர் ஆட்களுக்குப் பயப்படுவதில்லை என்றும் சொல்லியிருந்தார். டில்லியின் கையில் இருப்பது சிபிஐ. அதையும் சிபிசிஐடியையும் போட்டுக் குழப்பிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் மாமாக் கடைக் கூட்டத்திலும் பாதிப் பேர் அப்படித்தான். ராத்திரி முழுக்கத் தமிழ்நாட்டுச் செய்தி பார்த்துவிட்டு, காலையில் தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு வழக்கை முடித்துவிடுவார்கள்.

சிபிசிஐடி தமிழ்நாட்டு போலீசின் ஒரு பிரிவு. முழுக்க மாநில அரசுடையது. 1902இல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் அமைந்த போலீஸ் கமிஷன்தான் மாகாணத்துக்கு ஒரு சிஐடி, அதாவது குற்றப் புலனாய்வுத் துறை வேண்டும் என்றது. ஒரு மாவட்டத்தில் கொள்ளையடித்துவிட்டு அடுத்த மாவட்டத்துக்குள் போய்விடும் கூட்டத்தை உள்ளூர் ஸ்டேஷனால் துரத்த முடியவில்லை. சென்னை மாகாணத்தில் 1906இல் அது வந்தது. பின்னால் அது இரண்டாகப் பிரிந்தது: அரசியல் ஆட்களைக் கவனிக்க ஸ்பெஷல் பிராஞ்ச், குற்றங்களுக்கு கிரைம் பிராஞ்ச். சிபிசிஐடியில் உள்ள முதல் இரண்டு எழுத்து அந்த கிரைம் பிராஞ்ச்தான்.

வழக்கு பெரும்பாலும் உள்ளூர் ஸ்டேஷனில் பதிவாகி, அப்புறம் மாநில போலீஸ் தலைவரான டிஜிபியோ அரசோ நீதிமன்றமோ உத்தரவிட்டால்தான் சிபிசிஐடிக்குப் போகும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்ததில் செத்தார்கள் என்று ஊரே கொதித்தபோது, சிபிஐ வரும்வரை காத்திருக்க வேண்டாம், சிபிசிஐடி உடனே எடுக்கட்டும் என்றது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மறுநாளே கைது தொடங்கியது. அதே சிபிசிஐடி, வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கை 2023 ஜனவரியில் கையில் எடுத்து, குற்றப்பத்திரிகை போட 2025 ஜனவரி ஆகிவிட்டது. போட்ட பிறகும் சிபிஐ வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. ஆக, அதுவும் மந்திரக்கோல் இல்லை.

சரி, இங்கே? இந்தியாவில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணைப்படி போலீசும் குற்றப் புலனாய்வும் மத்தியில் உள்ள கூட்டரசின் வசம். ஈப்போவில் இருக்கும் சிஐடிக்கும் தலைமை, கோலாலம்பூரில் உள்ள போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான்தான். பேராக்குக்குத் தனி சிஐடி கேட்டால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும். இத்தனைக்கும் நம் ஸ்பெஷல் பிராஞ்ச் கதையில் எங்கள் ஊருக்கும் பங்குண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது. இரண்டு மாதத்தில் ஸ்பெஷல் பிராஞ்ச்சை சிஐடிக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 1952இல் அது தனித் துறையானது.

என் கதையையும் சொல்கிறேன். தாமானில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் காணாமல் போனது. போலீசில் ரிப்போர்ட் செய்தேன். நகலை நாலாக மடித்து, பழைய மைலோ டின்னில் வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டோடு போட்டு வைத்தேன். அவ்வளவுதான். எட்டு மாதம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போலீஸ் கவனிக்கவில்லை என்று கடையில் மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் ஆபீசில் வேலை செய்யும் அண்ணன் மகள்தான், "சித்தப்பா, 107ஏ தெரியாதா?" என்று கேட்டாள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அது. திருட்டு போல வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமென்றால், ரிப்போர்ட் கொடுத்து 4 வாரம் கழிந்ததும் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கொடுத்தவர் கேட்கலாம். 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். ரிப்போர்ட் நம்பரைப் போட்டு மலாயில் பத்து வரி எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது: சந்தேக நபர் யாரும் அகப்படவில்லை. மோட்டார் போனது போனதுதான். ஆனால் அதற்குமேல் நான் காத்துக்கொண்டிருக்கவில்லை.

தம் தோட்டத்தில் திருட்டு எப்போது நடந்தது என்று அந்த வாசகர் எழுதவில்லை. 4 வாரம் தாண்டியிருந்தால், ரிப்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு பாலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒரு நடை போய் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.