மலையேறும் ஆட்டோமேட்டிக் கார்களும் மாற்றப்படாத கியர் ஆயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலும் ஏற்காட்டிலும் கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போர் பெருகிவரும் இந்நாளில், அவர்களுள் பலரிடம் வேரூன்றியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாயிலாக எழுத விரும்புகிறேன். ‘கியர் பாக்ஸில் கம்பெனி ஊற்றிய ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும், அதைத் தொடவே கூடாது’ என்பதே அந்த நம்பிக்கை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பிரிவில் பல்லாண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த ஆயிலையும் அதன் ஃபில்டரையும் உரிய காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். பொறுமையும் சமதளமான இடமும் உடையவர்கள், சில வகை வண்டிகளில், வீட்டு வாசலிலேயே அதைச் செய்துகொள்ளவும் முடியும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்துக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்னும் ஆயில் நிரம்பிய சுழலும் பாகம் உள்ள வகை கியர் பாக்ஸில் இன்ஜினின் விசை முதலில் ஆயிலின் வழியாகத்தான் கியருக்குப் போய்ச் சேர்கிறது. சமவெளிச் சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது உள்ளிருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொள்வதால் விசை நேராகக் கடத்தப்பட்டு, வெப்பம் அதிகம் உண்டாவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து அந்தக் கிளட்ச் விடுபடும்போது, இன்ஜின் சுற்றும் வேகத்துக்கும் கியர் சுற்றும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. கோடை விழாக் காலத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை; அடிவாரத்திலோ வெயில் 40 டிகிரியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய ஆயில் அதற்கு மேல் சூடேறினால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது எண்ணெய்த் துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் கணக்கு.

இந்த ஆயில் மசகு மட்டுமன்று. கியரை மாற்றும் அழுத்தத்தைத் தருவதும், உள்ளே உண்டாகும் வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும், கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கலாம், எங்கே இறுகிப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. ஆகவே, அது கெட்டால் தேய்மானத்தோடு மட்டும் நிற்பதில்லை; கியர் விழும்போது உதறல், ‘டி’யில் போட்ட பிறகு வண்டி நகரத் தாமதம், ஏற்றத்தில் இன்ஜின் இரைந்தும் வேகம் எடுக்காமை ஆகிய எல்லாம் தொடர்ந்து வரும்.

‘ஆயுள் முழுவதற்கும் போதும்’ என்ற சொல்லை நம்புவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உலகின் பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, தன் கியர் பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. காருடன் வரும் கையேட்டிலும் பெரும்பாலும் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். மலைச் சாலை, மிகு வெப்பம், அடிக்கடி நின்று நின்று செல்லுதல் ஆகியவை அதில்தான் அடங்கும். நம் ஊர் நிலைமையில் இம்மூன்றும் ஒருங்கே இருக்கின்றன. ஏற்காட்டிலேயே குடியிருந்து நாள்தோறும் இறங்கி ஏறுவோர் 40,000 கிலோமீட்டரிலும், எப்போதாவது மலைக்குப் போவோர் 60,000 கிலோமீட்டரிலும் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. கையேடு இதைவிடக் குறைவான அளவைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

மாற்றும் முன்பு தம் வண்டியில் இருப்பது எந்த வகை என்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படுவன எல்லாம் ஒன்றல்ல. 2014இல் மாருதி சுசுகி செலேரியோவுடன் நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு நான் இங்கு சொல்லும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டின் வழியாக வேகத்தை மாற்றும் சி.வி.டி. வகைக்கும், இரட்டை கிளட்ச் வகைக்கும் தனித்தனி ஆயிலும் தனித்தனி முறையும் உண்டு. அவற்றை வீட்டில் தொட வேண்டாம் என்றே சொல்வேன். இனி எழுதுவதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு மட்டுமே பொருந்தும். அதிலும் சில வண்டிகளில் ஃபில்டர் கியர் பாக்ஸின் உள்ளே புதைந்திருக்கும். கியர் பாக்ஸைப் பிரித்தால்தான் அதை எடுக்க முடியும். அத்தகைய வண்டிகளில் ஆயிலை மட்டும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயிலை அதன் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. டொயோட்டாவின் பழைய டி-4 ஆயிலும் பின்னர் வந்த டபிள்யூ.எஸ். ஆயிலும் இரண்டுமே சிவப்புதான். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. ஹூண்டாய் ஆறு கியர் வண்டிகள் பலவற்றுக்கு எஸ்.பி.-4, ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு டி.டபிள்யூ.-1 என்று ஒவ்வொன்றுக்கும் உரிய தரப்பெயர் உண்டு. கையேட்டில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அந்தப் பெயர் டின்னின் மேலும் இருக்க வேண்டும். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றால், வாங்காமல் திரும்பிவிடுவதே மேல்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் கழற்ற வேண்டியது ஆயில் ஊற்றும் வாயின் மூடியையே தவிர, வடிக்கும் போல்ட்டை அன்று. இந்த ஒழுங்கை நான் மாணவர்களிடம் ஓயாமல் வற்புறுத்தி வந்தேன். பல ஆண்டுகள் திறக்காத மூடி இறுகிப்போய்த் திறக்க வராவிட்டால், வடித்துவிட்ட வண்டியில் ஊற்ற வழியின்றி, அதை நகர்த்தவும் முடியாமல் நிற்க நேரிடும். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் புகுவது உயிரோடு விளையாடுவது. நான்கு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே போக வேண்டும். இம்மட்டம் பாதுகாப்புக்கு மட்டுமன்றி, ஆயில் அளவு சரியாகத் தெரிவதற்கும் தேவை. ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பதே ஏற்றது. மலையிலிருந்து இறங்கி வந்த சூட்டில் வடித்தால் கை வெந்துவிடும்.

வடிந்த ஆயிலை ஒரு பாத்திரத்தில் பிடித்து லிட்டர் கணக்கில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அடிச் சேம்பரை, அதாவது கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டை, இறக்கினால், உள்ளே ஃபில்டரும், சேம்பரின் தரையில் ஒட்டியிருக்கும் சிறு காந்தங்களும் தெரியும். காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். துடைத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். விரலில் குத்தும் இரும்புச் சிம்புகளோ, கிளட்ச் தட்டிலிருந்து உரிந்த கருந்துணுக்குகளோ இருந்தால், அது ஆயில் மாற்றித் தீரும் நோயன்று. நல்ல மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.

நம் ஒர்க்‌ஷாப்புகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்க விரும்புகிறேன். சேம்பரின் உட்புறத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்கள். அதிலிருந்து பிரியும் நூல் பிசிர், தலைமயிர் அளவே இடைவெளியுள்ள வால்வுகளில் சிக்கினால் கியர் விழாமலே போகலாம். பிசிர் விடாத துணியும் துப்புரவு ஸ்பிரேயும் கொண்டே துடைக்க வேண்டும். அதேபோல், ஆயில் கசியாமல் தடுக்கும் புது கேஸ்கெட் இருக்கும்போது அதன் மேல் சிலிகான் பசையை வழிய வழியத் தடவுவதும் தவறு. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து புதிய ஃபில்டரை அடைக்கும். சேம்பர் போல்ட்டுகள் சிறியவை. அவை ஏறும் மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டது. பல வண்டிகளில் அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் முறுக்கு அளவு சொல்லப்பட்டிருக்கும். எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு முறுக்க வேண்டும்.

ஒரே முறை வடிப்பதால் ஆயில் முழுவதும் வந்துவிடாது என்பதையும் அறிய வேண்டும். டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் ஒரு பெரும் பகுதி தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர் கொள்ளும் கியர் பாக்ஸில் 4 லிட்டர் வடிந்தால், முதல் முறையில் பாதிதான் புதியது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் முக்கால் பங்கு புதியதாகும். மூன்றாம் முறையில் ஏறத்தாழ 87 விழுக்காடு. இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓடவிட்டு இரண்டு மூன்று முறை செய்வது, நெடுங்காலம் மாற்றாத வண்டிக்கு, இயந்திரம் வைத்து அழுத்தித் தள்ளுவதைவிடப் பாதுகாப்பானது என்று கருதுகிறேன். ‘பழைய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர் வழுக்கத் தொடங்கும்’ என்று சில மெக்கானிக்குகள் எச்சரிப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே கிளட்ச் தட்டுகள் முன்பே தேய்ந்துபோயிருக்கும்; பழி மட்டும் புதிய ஆயில் மேல் விழும். ஏற்கெனவே வழுக்கும் வண்டியில் வீட்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

வடிந்த அளவுக்குச் சமமாகப் புதிய ஆயிலை ஊற்றி, பிரேக்கை அழுத்திக்கொண்டு இன்ஜினை இயக்கி, லிவரை பி, ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் சில நொடிகள் நிறுத்தி, மீண்டும் பி-க்குக் கொண்டுவந்த பின்பே அளவு பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகள் பலவற்றில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல வண்டிகளில் இன்ஜினை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய வண்டிகளில், கையேடு குறிப்பிடும் வெப்பநிலைக்கு ஆயில் வந்ததும் மட்டம் காட்டும் போல்ட்டைத் திறந்து, ஆயில் மெல்லிய இழையாக வழிவதைக் கண்டு மூட வேண்டும். டொயோட்டாவுக்கு அது ஏறத்தாழ 40 டிகிரி. வேறு நிறுவனங்களுக்கு வேறு. ஸ்கேனர் கருவி கொண்டு வெப்பநிலையைப் படிக்க இயலாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமேனும் ஒர்க்‌ஷாப்பை நாட வேண்டும். ஆயில் கூடினால் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கும். குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். இரண்டிலும் அழுத்தம் குன்றி, தட்டுகள் எரிவதில்தான் போய் முடியும்.

வீட்டில் செய்ய இயலாதவர்களின் பொருட்டு ஒர்க்‌ஷாப் உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பில்லில் ‘கியர் ஆயில் மாற்றம்’ என்று மொத்தமாக எழுதாமல், ஊற்றிய ஆயிலின் தரப்பெயர், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, ஃபில்டர் மாற்றப்பட்டதா இல்லையா ஆகிய நான்கையும் எழுதித் தர வேண்டும். வடித்த ஆயிலையும் காந்தத்தையும் வாடிக்கையாளரை அழைத்துக் காட்ட வேண்டும். என் உறவினர் ஒருவரின் வண்டிக்கு ஃபில்டருக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். சேம்பர் போல்ட்டுகளிலோ பல வருடத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. நேர்மையாகத் தொழில் செய்யும் மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். இந்த நான்கு வரிகள் அவர்களுக்குத்தான் பெரும் பாதுகாப்பு.

இறுதியாக, வடித்த ஆயிலைப் பற்றி. பயன்படுத்திய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அபாயகரக் கழிவாகும். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைத் தொடரில் பிறந்துதான் நம் நகருக்குள் வருகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களின் ஊற்றுகளும் கிணறுகளும் சரிவுகளில் இருக்கின்றன. அங்கே சாக்கடையிலோ மண்ணிலோ ஒருவர் ஊற்றும் ஆயில், கீழே இருப்பவரின் தண்ணீரில் கலக்கும். இப்போது வீட்டில் ஆயில் மாற்றுபவர், அதைக் கேனில் அடைத்து ஏதேனும் ஒர்க்‌ஷாப்பைக் கெஞ்சித்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து அது உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போகிறதா, செங்கல் சூளைக்குப் போகிறதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. 2024 ஏப்ரல் முதல், விற்ற எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்கள் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. ஆகவே சேலம் மாநகராட்சியும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எண்ணெய் நிறுவனங்களோடு பேசி, நகரில் ஓரிடத்திலும் ஏற்காடு அடிவாரத்தில் ஓரிடத்திலுமாவது, பொதுமக்கள் பழைய ஆயிலைக் கொடுத்து ரசீது பெற்றுச் செல்லும் மையங்களை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.