கடிதங்களைத் தேடிய வரலாற்றாசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமச்சந்திர குஹாவை நாளிதழ்களில் பத்திகள் எழுதுபவராகவும் கிரிக்கெட் ரசிகராகவும் மட்டுமே பலர் நினைவுகூர்வதால், வாழ்க்கை வரலாற்றாசிரியராக அவர் ஆற்றிய பணி குறித்துச் சில வரிகள் எழுத விரும்புகிறேன்.

1958-இல் டேராடூனில் பிறந்து பொருளியல் படித்த அவரைச் சமூகவியலின் பக்கம் திருப்பியவை, பழங்குடியினரிடையே வாழ்ந்த வெரியர் எல்வினின் நூல்கள். அந்த எல்வினின் வாழ்க்கையையே 1999-இல் அவர் நூலாக்கியது ஒருவகையில் கடன் தீர்த்ததுதான்.

காந்தியைப் பற்றிய இரு பாகங்கள் 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக அச்சில் இருக்க, குஹா அவற்றோடு நில்லாமல், காந்திக்குப் பிறர் எழுதிய கடிதங்களையும் அக்கால நாளேடுகளையும் அரசுக் கோப்புகளையும் தேடிப்போனார். அதனால்தான் காந்தியின் நண்பர்களான போலக், காலன்பாக், பிராண்ஜீவன் மேத்தா ஆகியோர் வெறும் பெயர்களாகச் சுருங்கிவிடவில்லை. 1908 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் தெருவில் காந்தி தாக்கப்பட்டபோது அடிகளைத் தடுக்க முயன்று தாமும் காயமுற்ற அவரது தமிழ்த் தோழர் தம்பி நாயுடுவும், காந்தியின் போராட்டத்தில் சிறைக்கு அஞ்சாத, அந்நகரை உள்ளடக்கிய டிரான்ஸ்வால் பகுதித் தமிழர்களும் உரிய இடம் பெறுகிறார்கள். (இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்!) 1914 முதல் 1948 வரையிலான இரண்டாம் பாகம் நிகழ்வுகளின் நெரிசலில் ஓடுவதால், முதல் பாகத்தின் நெருக்கம் அதில் சற்றுக் குறைவு என்பது என் கருத்து.

விடுதலைப் போரில் இணைந்த அயல்நாட்டவர் எழுவரைப் பற்றிய 2022-ஆம் ஆண்டு நூலில், மதுரை வட்டாரத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் கெய்தானும் இடம்பெறுகிறார். அவரைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஒரு விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்